வண்டி எடுக்கிற நேரத்துத் தும்மல்

டிரைவர் கோதண்டம், கம்பெனி பஸ்ஸை எடுப்பதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். முதலில் டயர்களைக் காலால் தட்டிப் பார்ப்பார். பிறகு கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிற வல்லக்கோட்டை முருகன் படத்துக்கு விபூதி வைப்பார். கம்பெனிக்குள் தீப்பெட்டிக்கு அனுமதி இல்லாததால் சூடம் கிடையாது. வாய்க்குள் ஆறெழுத்தைச் சொல்லிக்கொண்டே சாவியைத் திருகுவார். அந்த நேரம் பார்த்து யாராவது தும்மிவிட்டால் போச்சு. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிடுவார். முகம் கழுவி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மதில் ஓரம் சற்று நேரம் உட்கார்ந்து எழுந்து, மறுபடியும் டயரிலிருந்து ஆரம்பிப்பார்.

யாரும் அவரைக் கேட்டதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலையில், சாவியைத் திருகும்போது பின் சீட்டில் யாரோ தும்மினார்கள். கோதண்டம் பொருட்படுத்தாமல் கிளம்பினார். ஒரகடம் தாண்டியதும், பனியில், விளக்குப் போடாமல் ரோட்டோரம் நின்ற டிரெய்லரின் பின்பக்கம் பஸ்ஸின் இடது பக்கத்தைக் கிழித்துவிட்டது. உயிர்ச் சேதம் இல்லை. பஸ்ஸில் இருந்த ஷாரோன் என்ற பெண்ணுக்குக் கை முறிந்து பிளேட் வைத்தார்கள். தப்பு டிரெய்லர்காரன் மேல்தான் என்று போலீஸ் சொன்னது, கம்பெனியும் சொன்னது. கோதண்டத்தின் மனசு மட்டும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தும்மலுக்கு மேல் வண்டியை உருட்டுவதில்லை என்று முருகன் படத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் உச்சிமாகாளி வந்து சேர்ந்தாள்.

காருக்கு ஒயர் பின்னுகிற அந்தக் கம்பெனிக்குத் தெற்கேயிருந்து வந்த பெண்களில் அவளும் ஒருத்தி. ஊர் ஆறுமுகநேரிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தாள். அவளுடைய லைன் கம்பெனியின் கடைசிக் கோடியில் இருந்ததால் நைட் ஷிப்ட் முடிந்து எல்லோருக்கும் பின்னால்தான் வருவாள். தகரக் கூரை போட்ட நடைபாதை பஸ் நிற்கிற இடம் வரை வரும். பஸ்ஸின் கதவோ கூரைக்கு மறுபக்கம், கிழக்கே பார்த்து இருக்கும். கூரை நிழலை விட்டு, பஸ்ஸின் மூக்கைச் சுற்றி அவள் வெயிலுக்கு வந்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நொடியில், மூக்கு மேலே தூக்கும். ஒன்று. இரண்டு. மூன்று.

எஞ்சின் அணையும்.

முதல் நாள் சிரித்தார்கள். மறுநாளும் சிரித்தார்கள். வாரம் ஒன்று ஓடியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க நின்றே வேலை செய்த கால்கள். அறைக்குப் போய், முறை வைத்துக் குளித்து, வெயில் ஏறிக் கூரைத் தகரம் காய்வதற்குள் கண்ணை மூடினால்தான் தூக்கம். அதில் தினமும் ஒரு துண்டை அந்தத் தும்மல் கடித்துக்கொண்டு போனது.

"ஏம்மா, மூக்க ஆஃப் பண்ணிட்டு ஏறக் கூடாதா?" என்றான் அதே ஷிப்டில் வேலை செய்கிற சுபாஷ், ஜன்னலில் சாய்ந்தபடியே.

"ரெண்டு தும்மல் போட்டா நல்ல சகுனம்னு சொல்வாங்களேடா" என்றாள் ஷாரோன்.

"அது மூணு போடுதுக்கா. ரெண்டு நல்லதுன்னு கழிச்சாலும் ஒண்ணு பாக்கி நிக்குது பாரு."

உச்சிமாகாளி படியில் நின்றபடி, "தப்பா எடுத்துக்காதிய அண்ணாச்சி" என்று கோதண்டத்திடம் சொன்னாள். "எனக்குச் சளியெல்லாம் கெடையாது. வெயிலப் பாத்தா வந்துரும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான். உப்பளத்துக்குக் கெளம்பி வாசலுக்கு வந்ததும் மூணு தும்மலு. அப்பா தும்மிட்டாவன்னா விடிஞ்சிட்டுன்னு எங்கம்மா அடுப்பப் பத்த வப்பா."

"அது உங்கூர்ல நல்லாத்தாம்மா கீது. இங்க நாப்பது உசுரு என் கைல கீதே" என்றார் கோதண்டம். கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அவளும் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். மேலுதட்டை விரலால் அழுத்திக்கொண்டு வந்தாள். முதலுதவி அறையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தும்மல் நிற்கவில்லை, தூக்கம்தான் வந்தது. லைனில் கண் சொருகி சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினாள். ஒருநாள் துப்பட்டாவைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தடவித் தடவி வந்தவள், படி தவறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். வலியில் துப்பட்டா விலகியது. தும்மலும் வந்தது. பஸ்ஸுக்குள் யாரோ "ஐயோ" என்றார்கள். அது அவள் காலுக்காகவா, தூக்கத்துக்காகவா என்று தெரியவில்லை.

அதற்கு மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

ஷிப்ட் மாறியிருக்கும் என்று கோதண்டம் நினைத்தார். வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. எல்லோரும் கேட்டைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார்கள். அவருக்கும் மனசு லேசாக இருந்தது. நாலைந்து நாள் அந்த லேசு நீடித்தது. மனிதர்களுக்கு வருகிற நிம்மதியில் ஒரு பங்காவது வேறு யாரோ பட்ட சிரமமாக இருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவரும் பார்க்கவில்லை.

டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காருகிற ஷாரோன்தான் ஒரு காலையில் கேட்டாள்.

"அந்த உச்சிமாகாளிப் பொண்ணு இன்னாச்சுண்ணே?"

"ஷிப்ட் மாத்திக்கிச்சு போல."

"அதெல்லாம் இல்ல. நைட்டு அது லைன்லதான் நின்னுக்கினு இருந்துச்சு, நானே பாத்தேன். பெல் அடிச்சதும் எல்லாருக்கும் முன்னாடியே ஓடிடுது. லாரி கேட் வழியா வெளிய போவுதாம். கூட்ரோடு வரைக்கும் நடந்து ஷேர் ஆட்டோ புடிக்குதுன்னு செக்யூரிட்டி நடேசண்ணன் சொன்னாரு."

"நடந்தா? அந்த ரோட்லயா?"

ஷாரோன் பிளேட் வைத்த கையைத் தடவிக்கொண்டாள்.

அந்த ரோடு கோதண்டத்துக்குத் தெரியாததா? நடைபாதை கிடையாது. புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற டிரெய்லர்கள் வெள்ளைக் கோட்டை உரசிக்கொண்டு ஓடும். அவற்றின் ஓட்டுநர்களும் ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள்தான். கோதண்டம் அன்றைக்குக் கேட்டைத் தாண்டியதும் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். கொஞ்ச தூரத்தில், முக்காடு போட்ட ஒரு உருவம் தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனது. அந்த முக்காட்டை அவர் முன்பே பார்த்திருந்தார். நேற்று பார்த்தார், முந்தாநாளும் பார்த்தார். யாரோ கொத்து வேலைக்குப் போகிற பெண் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தார்.

அவள் நடையில் ஒரு தள்ளாட்டம் இருந்தது. தூக்கம் காலை இழுக்கிற நடை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி இரண்டடி ரோட்டுக்குள் வந்தாள். பின்னாலிருந்து ஒரு டிரெய்லர் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு பஸ்ஸையும் முந்தி அவளையும் உரசுவது போலக் கடந்தது. காற்றில் துப்பட்டா பறந்து முகத்தில் சுற்றிக்கொண்டது. அவள் அதை விலக்கக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே நின்றாள்.

"முருகா!"

கோதண்டம் பஸ்ஸை ஓரம் கட்டினார். கதவைத் திறந்து, "ஏறும்மா" என்றார்.

அவள் திரும்பாமலே, "நீங்க போங்க அண்ணாச்சி. நான் வந்துருவேன். எல்லாரும் தூங்கணும்லா" என்றாள்.

"தூங்கறதெல்லாம் அப்பறம். நீ ஏறு தாயீ."

ஷாரோன் படியில் இறங்கி நின்று கையை நீட்டினாள். முறிந்து கூடிய அதே கை. உச்சிமாகாளி திரும்பினாள். பஸ்ஸுக்குப் பின்னால் கிழக்கே வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஒரு காலைப் படியில் வைத்தபடியே அவள் மூக்கைப் பொத்தினாள். பொத்தியும் நிற்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று.

பஸ்ஸுக்குள் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். சுபாஷ் ஜன்னலிலிருந்து தலையை நிமிர்த்திக் கோதண்டத்தைப் பார்த்தான். அவள் படியில் வைத்த காலை மெல்லக் கீழே எடுத்தாள்.

கோதண்டத்தின் கை சாவிக்குப் போனது. எஞ்சினை அணைத்து, இறங்கி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழ வேண்டும். எங்கே உட்காருவது? வலது பக்கம் இன்னொரு டிரெய்லர் பஸ்ஸையே ஆட்டிவிட்டுப் போனது. இந்த இடத்தில் நாற்பது பேரோடு நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. சாமியிடம் அவர் கேட்டதெல்லாம் இவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதானே? அதற்காக அவர் கட்டிக்கொண்ட கயிறு எப்போது இந்தப் பெண்ணின் காலில் போய்ச் சிக்கியது?

அவர் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பயம் போய்விடவில்லை. அந்தப் பயத்தோடேயே சாவியிலிருந்து கையை எடுத்து கியரில் வைத்தார்.

"ஷாரோனு, புள்ளய மேல ஏத்திக் கதவச் சாத்து."

வண்டி நகர்ந்தது. சுங்குவார்சத்திரம் வரைக்கும் கோதண்டத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எந்த வளைவிலும் எதுவும் நடக்கவில்லை. உச்சிமாகாளி ஷாரோனின் தோளில் சாய்ந்து, ஏறிய கொஞ்ச நேரத்திலேயே தூங்கிவிட்டாள். இறங்கும்போது சுபாஷ் அவளைத் தாண்டிப் போனான். திரும்பி வந்தான். "நாளைக்கு லாரி கேட் பக்கம் போனே, நானே இஸ்துக்கினு வந்துருவேன். ஆமா" என்று மிரட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை, பெல் அடிப்பதற்கு முன்பே கோதண்டம் நடேசனைத் தேடிப் போனார். நடேசன் கேட் செக்யூரிட்டி. அவரும் ராத்திரி முழுக்க நின்றவர்தான், முட்டி வலிக்காரர்.

"வண்டியத் திருப்பி நிறுத்தணும் நடேசா. கதவு கூரைப் பக்கம் பாக்கற மாதிரி."

"வண்டி மூக்கு வெளிய பாத்துதான் நிக்கணும்னு ரூல் கீதே. அப்பறம் கெளம்பச் சொல்லோ ரிவர்ஸ் எடுப்பியா? பொம்பளப் புள்ளைங்க நடமாடற எடம்."

"அதான் உன்னாண்ட கேக்கறேன்."

"எதுக்கு?"

"ஒரு புள்ளைக்கு வெயில் ஆவல."

நடேசன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெண் லாரி கேட் வழியாக ஓடியதை அவரும் பார்த்திருக்கிறார். "கடேசில மதிலாண்ட போட்டுக்க. சேஃப்டி ஆபீசராண்ட நான் சொல்லிக்கறேன். நீ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லோ பின்னாடி நின்னு விசில் குடுக்கறேன். நா விசில் குடுக்காம ஒரு சாண் நவுத்தக் கூடாது, சொல்ட்டேன்."

அன்று உச்சிமாகாளி வழக்கம்போலக் கடைசியாக வந்தாள். லாரி கேட்டுக்குப் போகிற வழியில் சுபாஷ் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றிருந்ததால் இந்தப் பக்கம் வந்திருந்தாள். கூரை முடிகிற இடத்தில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். வெயில் இல்லை. பஸ்ஸே மறைத்துக்கொண்டு நின்றது, அதன் நிழல் கூரை நிழலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கதவு அந்த நிழலுக்குள் திறந்திருந்தது. அவள் வண்டியைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள், பிறகு கோதண்டத்தைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

நடேசன் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் விசில் ஊதினார். வண்டி பின்வாங்கித் திரும்பி கேட்டைப் பார்த்தது. திரும்புகிற அந்த வளைவில் வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு போனது.

பின்னாலிருந்து சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

கோதண்டத்தின் கை பழக்கத்தில் சாவி வரை போய் நின்றது. கண்ணாடியில் பார்த்தார். உச்சிமாகாளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மிரண்டுபோய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பாதிக் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்கள்.

"விடிஞ்சிச்சும்மா, விடிஞ்சிச்சு" என்றார் கோதண்டம். "நீ தூங்கு."

ஆறெழுத்தை வாய்க்குள் இன்னொரு தரம் சொல்லிக்கொண்டு, வண்டியை வழக்கத்தைவிட மெதுவாக ரோட்டில் ஏற்றினார்.