கருவாயன் நின்ற இடம்

இங்கிலாந்தின் வியர் பள்ளத்தாக்கில் ஈயத்தாது சுமக்கும் மட்டக்குதிரைகளை வாய்க்கூடு மாட்டாமல் யாரும் பாதையில் இறக்க மாட்டார்கள். மூட்டைகளிலிருந்து சிந்தும் தூள் வழிநெடுகப் புல்லில் படிந்திருக்கும். அதை மேய்ந்த குதிரை பிழைக்காது. குதிரை செத்தால் கம்பெனிக்குக் கவலையில்லை. தாது குறைந்தால்தான் வயிறு எரியும்.

போன இலையுதிர் காலத்தில் தாது குறைந்தது. சுரங்க வாசலில் இருந்த எடை மலைக்கு அப்பால் தாதுவை உருக்கும் உலையில் இல்லை. குதிரைக்காரர்கள் கத்பர்ட்டும் ரால்ஃபும் தனித்தனியே ஓட்டி வந்தாலும், உலையில் இருவர் சரக்கையும் ஒரே குவியலாகக் கொட்டித்தான் நிறுப்பார்கள். எனவே திருடன் இருவரில் ஒருவன். கத்பர்ட்டின் மனைவி டார்கஸ் கம்பெனி ஏஜெண்டின் முன்னால் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

"எங்க குதிரைங்க கிளம்பினா உலையிலதாங்கய்யா நிக்கும். நடுவுல எங்கயும் நிக்காது."

மனதார நம்பித்தான் சொன்னாள். ரால்ஃபோ ஏஜெண்டை ஒருமுறை எதிர்த்துப் பேசியவன். நியாயம் வழங்கக் கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்? வேலை போயிற்று, கம்பெனி கொடுத்த வீடும் போயிற்று. இப்போது அவன் சாலையில் கல் உடைக்கிறான். அதற்குப் பிறகு எடை சரியாகவே வந்தது, ஊரும் தலையாட்டியது.

பனிக்காலத்தில் கத்பர்ட் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். குதிரைகளை ஓட்டும் வேலை டார்கஸ் தலையில் விழுந்தது. முதல் நாள், மேட்டில் இடிந்து கிடக்கும் ஆட்டுப்பட்டி அருகே, கழுத்து மணியோடு முன்னால் போன குதிரை கருவாயன் தானாக நின்றது. பட்டிச் சுவரோரம் போய், மூட்டை தொங்கும் விலாவை வாகாகத் திருப்பிக் காட்டியது. டார்கஸ் அதட்டினாள், அடித்தும் பார்த்தாள். அடியை வாங்கிக்கொண்டு அது நின்றது.

பட்டிக்குப் பின்னால் கோரை அறுத்துக்கொண்டிருந்த ரால்ஃபின் மனைவி ஃபீபி நிமிர்ந்தாள். குதிரைக்காரன் பெண்டாட்டிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"நடுவுல எங்கயும் நிக்காதுன்னியேடி! இப்ப யாருக்காக நிக்குது, ஆடு மேய்க்கிறவனுக்கா?"

"களைச்சுப் போச்சு, அதான்..."

"வாயக் கழுவு! ஏஜெண்டு ஊருக்குப் போயிருக்கான். திரும்பட்டும். இதே பாதையில அவன இழுத்துட்டு வரேன். கண்ணால பாக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் டார்கஸ் கட்டிலருகே நின்று கேட்டாள்.

"என் கையை பைபிள்ல வைக்கச் சொல்லிட்டு, நீ அங்க மூட்டையைப் பிரிச்சியாய்யா?"

கத்பர்ட் மறுக்கவில்லை.

"பிடிபட்டா கப்பல்ல ஏத்தி நாடு கடத்திடுவாங்க. பிள்ளைங்களை யார் பாப்பா?" என்றவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். "குதிரைய வித்தா சந்தேகப்படுவாங்க. வாய்க்கூட்டைக் கழட்டி விடு. தின்னுட்டு அதுவே போயிடும். வழக்கமா நடக்கறதுதானே!"

"பாவி! அது என்னய்யா பண்ணுச்சு?"

"வாயில்லாத ஜீவன்டி. பிள்ளைங்கள நெனச்சுப் பாரு."

அவள் பிள்ளைகளைத்தான் நினைத்தாள். ஃபீபியின் பிள்ளைகளை நினைக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டாள்.

மறுநாளிலிருந்து உலைக்கருகே, தூள் அதிகம் படிந்த சரிவில், கருவாயனின் வாய்க்கூட்டை மட்டும் கழற்றினாள். வாழ்நாளெல்லாம் அந்தப் புல்லை முகர மட்டுமே முடிந்த குதிரை அது. ஆசை ஆசையாக மேய்ந்தது, இடையிடையே அவள் தோளில் மூக்கை உரசியது. அந்த வார முடிவில் பல்லைக் கடித்தது, மூச்சு விடும்போதெல்லாம் உறுமியது. பிறகு லாயத்தில் விழுந்து செத்தது. டார்கஸ் அழுதாள். அந்த அழுகையை அவளே வெறுத்தாள்.

மறுநாளே ஏஜெண்டு திரும்பி வந்ததும் ஃபீபி சொன்னபடியே அவரை அழைத்து வந்துவிட்டாள். கருவாயன் செத்த செய்தி கேட்டு அவர் எரிந்து விழுந்தார்.

"செத்த குதிரையோட சாட்சிக்கா என்னைக் கூட்டிட்டு வந்த?"

"அவதான் கொன்னிருப்பாய்யா!"

"போதும். எப்படியும் உலைக்குப் போறவன், கூடவே நடக்கறேன். வழியில வாயத் திறக்காத."

கருவாயனின் மணி இப்போது வெள்ளச்சியின் கழுத்தில் இருந்தது. எப்போதும் பின்னால் வந்த சோம்பேறி அது. டார்கஸுக்கு மனதில் பாரம் இருந்தாலும் பயமில்லை. பட்டி தெரிந்தபோது ஃபீபியின் முகத்தைக்கூட நேராகப் பார்த்தாள்.

வெள்ளச்சி நின்றது. சுவரோரம் போய் விலாவைத் திருப்பிக் காட்டியது. அதன் பின்னால் வந்தது நின்றது, அதற்கும் பின்னால் வந்தது நின்றது. எல்லாக் குதிரைகளும் வரிசையாகச் சுவரை ஒட்டி, எவ்வளவு காலமோ பழகிய பொறுமையோடு காத்து நின்றன. கருவாயனுக்கு மட்டும்தான் தெரியும் என்று எப்படி நினைத்தோம்? அத்தனையும் தினம் இங்கே நின்றவைதானே. அந்தக் குதிரையை வீணாகக் கொன்றுவிட்டோமே என்று டார்கஸ் நொந்தாள்.

ஏஜெண்டு குதிரைகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இதெல்லாம் எதுக்கு நிக்குது?"

டார்கஸின் கையில் சாட்டை இருந்தது. அதைக் கீழே போட்டாள்.

"பாரத்தைக் குறைப்பாங்கன்னு நிக்குதுங்கய்யா. எம் புருஷன் பழக்கினது."