லிட்டருக்கு இருபத்திரண்டு

காரை வாங்கிய நாளிலிருந்து பிசியோவின் வலது காலைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு.

வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களையும் மூட்டு மாற்றிக்கொண்டவர்களையும் எழுந்து நடக்க வைப்பது அவள் வேலை. நோயாளிகளில் தொடங்கி எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் பிசியோதான். கோபம் வந்தால் கணவனே அப்படித்தான் கூப்பிடுவான். ஊரார் காலையெல்லாம் நிமிர்த்துகிறவளுடைய காலில் என்ன கோளாறு என்றால், அது ஆக்சிலேட்டரை மிதிக்கிற கால்.

கார் பழையது, சின்னது. அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. ஆனால் தேர்ந்தெடுத்தது அவள் இல்லை. கணவனுடைய அக்கா புருஷன், குடும்பத்துக்கே அத்தான், "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான்" என்று ஒரு தரகரிடம் அழைத்துப் போனார். அந்தத் தரகர் எதைச் சொன்னாலும் முடிவில் "நான் கேரண்டி" என்பார். அதனால் அவர் பெயரே கேரண்டி. கார் கண்ணாடியில் வெள்ளை பெயின்ட்டால் பெரிதாக 22 என்று எழுதி வைத்திருந்தார்.

"லிட்டருக்கு இருபத்திரண்டு, தங்கச்சி. பெட்ரோலை மோந்து பார்த்தாலே ஓடும். நான் கேரண்டி."

அவள் ஒரு தடவை டேங்கை நிரப்பி, வாரம் முழுக்க ஓட்டி, மறுபடி அதே பம்பில் நிரப்பிக் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு. மனசு ஆறாமல் இன்னொரு வாரம் பார்த்தாள். அப்போதும் பன்னிரண்டுதான்.

"உன் கால் கனம்" என்றான் கணவன். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். கார் ஓட்டத் தெரியாது; கற்றுக்கொள்ளவும் பயம். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் போதும், சாரதி சாஸ்திரத்தையே கரைத்துக் குடித்தவன் மாதிரிப் பேசுவான். "கிளட்ச்சை விடு. இப்ப கியரை மாத்து. சிக்னல் வருதே, ஏன் இப்படி விரட்டறே?"

ஞாயிற்றுக்கிழமை அத்தானும் நாத்தனாரும் சாப்பிட வந்தபோது பேச்சு காருக்குத் திரும்பியது. பிசியோ கணக்கைச் சொன்னாள். அத்தான் தண்ணீரைக் குடித்து முடித்து, நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

கணவன் சிரித்தான். நாத்தனாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள். பிசியோவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கூடம் கோணலான்னு யாராவது போய்ப் பார்த்தீங்களா, அண்ணே?"

"அட, கோபப்படாதேம்மா. கம்பெனிக்காரனே இருபத்திரண்டுன்னு போட்டிருக்கான்."

"கம்பெனிக்காரன் ஊர்ல சிக்னலே கிடையாதா? சரி, இருபத்திரண்டு வேண்டாம், பதினேழாவது வரணும்ல? மிச்சம் அஞ்சு எங்க போகுது?"

"அதான் சொல்றோமே" என்றார் அத்தான். "கால்ல."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கால் விரலால் தொட்டும் தொடாமலும் மிதித்து ஓட்டிப் பார்த்தாள். ஏசியை அணைத்தாள். பின்னால் கிடந்த பயிற்சிப் பந்துகளையும் எடைக் கட்டிகளையும் இறக்கி வைத்துவிட்டு, தேவையானதை மட்டும் தோளில் சுமந்தாள். சிக்னலில் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். நோயாளி வீட்டுக்குள் நுழையும்போது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு அம்மா, "பாவம், முதல்ல நீங்க கொஞ்சம் படுத்துக்குங்க" என்று கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இத்தனைக்கும் பிறகு வந்தது பன்னிரண்டேகால். அந்தக் காலுக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைக்கடியில் இருந்த நிறுத்துமிடத்தில் காரை விட்டு இறங்கினாள். பின் கதவைத் திறந்து பையை இழுத்தபோது, உள்ளேயிருந்த ரப்பர் பட்டை ஒன்று நழுவிச் சக்கரத்தடியில் விழுந்தது. குனிந்து எடுத்தவளின் முகத்தில் அனல் அடித்தது.

வீங்கிய மூட்டைத் தொட்டுப் பார்ப்பது போலப் புறங்கையை இடது பின் சக்கரத்தின் அருகே கொண்டுபோனாள். தொடக்கூட முடியவில்லை. சுற்றி வந்து வலது பின் சக்கரத்தில் கையை வைத்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடு. ஒரு முட்டி மட்டும் இப்படிக் கொதித்தால் நோயாளியை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பியிருப்பாள்.

கேரண்டி சொல்லியிருந்த மெக்கானிக்கிடம் மறுநாளே போனாள். அவர் பானட்டைத் திறந்தார், மூடினார். சக்கரத்தை எட்டிப் பார்த்தார்.

"வெயில்ல ஓடினா சூடாகத்தானம்மா செய்யும்."

"ஒண்ணு மட்டுமா? வெயில் என்ன ஒரு சக்கரத்தைத் தேடிப் பிடிச்சா அடிக்கும்?"

"பிரேக்கை ரொம்ப மிதிக்கிறீங்க போல. லேடீஸ் ஓட்டற வண்டியில இது சகஜம்."

"மிதிக்கிறது ஒரு பெடல். அது நாலு சக்கரத்தையும் பிடிக்குது. அப்புறம் ஏன் இது மட்டும் சுடுது? கழட்டிப் பாருங்க."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணுங்க. வீட்டுல சாரை வரச் சொல்லுங்க. அவர்கிட்ட விளக்கமாச் சொல்றேன்."

அவள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சாருக்கு ரிவர்ஸ் கியர் எங்க இருக்குன்னே தெரியாது!"

அங்கிருந்து நேராகக் கேரண்டியின் இடத்துக்கு விட்டாள். வரிசையாகக் கழுவித் துடைத்த கார்கள். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து. தகர நிழலுக்கடியில் கேரண்டியும் அத்தானும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் அங்கே இருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. இருந்தது நல்லதாகப் போயிற்று.

சாவியைக் கேரண்டியின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"நீங்க ஓட்டுங்க, அண்ணே."

"எங்க?"

"நான் போற வழியில. டேங்கை நிரப்பிட்டுப் போவோம், திரும்பி வந்து நிரப்புவோம். உங்க கால் லேசான கால்தானே? அதையும் பார்த்துடுவோம்."

கேரண்டி அத்தானைப் பார்த்தார். அத்தான், "போய்ட்டு வரலாம் வா. நானும் வரேன். இன்னிக்கோட இந்தப் பேச்சு முடியட்டும்" என்று பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

பம்பில் வழிய வழிய நிரப்பினார்கள். கேரண்டி ஸ்டியரிங்கை மணவறையில் மாப்பிள்ளை மாலையைப் பிடிப்பது மாதிரி பவ்யமாகப் பிடித்தார். ஏசி போட விடவில்லை. காற்று எதிர்த்து வந்தால் பெட்ரோல் குடிக்குமாம், ஜன்னலையும் ஏற்றிவிட்டார். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினார். சைக்கிள்காரன் ஒருவன் அவர்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பின்னால் அத்தான் அவித்த கிழங்கு மாதிரி ஆகிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் ஜன்னலை இறக்கேன்யா!"

"பொறுங்க, மைலேஜ் போயிடும்."

"என் உசிரு போயிடும்டா!"

பிசியோ வலப்பக்கம், இடப்பக்கம் என்று வழி மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரி முனை, சந்தைத் தெரு, பாலம், பள்ளிக்கூடம் விடும் நேரத்து நெரிசல். நாள்தோறும் அவள் படுகிற அவஸ்தை எல்லாவற்றிலும் அவரை இழுத்துக்கொண்டு போனாள். சந்தைத் தெருவில் கேரண்டி மூன்று தரம் நெற்றியைத் துடைத்தார்.

திரும்பி வந்து அதே பம்பில் நிரப்பினார்கள். கணக்கை அத்தானைத்தான் போடச் சொன்னாள். அவர் கைப்பேசியில் ஒரு தரம் தட்டினார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார்.

"சொல்லுங்க, அண்ணே."

"பதினொண்ணு... பதினொண்ணரைன்னு வெச்சுக்கோயேன்."

"என் கனத்த காலைவிடக் கம்மி."

"பம்புல அளவு சரியில்லை" என்றார் கேரண்டி. "இவனுங்க எல்லாம் திருட்டுப் பசங்க."

பம்பில் நின்ற பெண் குழாயைக் கையில் பிடித்தபடியே, "இந்த வாயை எல்லாம் உங்க இடத்துல வெச்சுக்குங்க" என்றாள்.

பிசியோ காரைச் சுற்றி வந்து நின்றாள். "ரெண்டு பேரும் இறங்குங்க. இந்தச் சக்கரத்துல கையை வையுங்க."

கேரண்டி தயங்கினார். அத்தானுக்கு வேகம். "இதுல என்ன இருக்கு?" என்று குனிந்து தொட்டவர், "ஐயையோ!" என்று கையை உதறிக்கொண்டு ஓரமாக இருந்த தண்ணீர் வாளியைப் பார்த்து ஓடினார்.

"சுடுதா? அதுக்குத்தான் நான் பெட்ரோல் போடறேன். ஓடறதுக்கு இல்ல, அதைக் காய்ச்சறதுக்கு."

மூவரும் பட்டறைக்குப் போனார்கள். அதற்குமேல் மெக்கானிக்காலும் மறுக்க முடியவில்லை. சாரும் இல்லாமல், விளக்கமும் இல்லாமல் சக்கரம் கழன்றது. உள்ளேயிருந்து கருகின வாடை அடித்தது. கைப்பிரேக்கை இறக்கினாலும், துருப்பிடித்த கேபிள் விடாமல் அந்த ஒரு சக்கரத்தை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தது. பிரேக் லைனிங் தேய்ந்து கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. இத்தனை நாளும் அவள் ஒரு காலைக் கட்டிப்போட்ட குதிரையைத்தான் ஓட்டியிருக்கிறாள்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். சங்கடத்தில் வாய் தவறிவிட்டது போலிருக்கிறது.

"அடடே! போன ஓனரம்மாவும் இதையேதான் சொல்லிட்டிருந்தாங்க."

கேரண்டி வேறெங்கோ பார்த்தார்.

"எதை?" என்றாள் பிசியோ.

"இல்ல... பெட்ரோல் ரொம்ப குடிக்குது, சக்கரம் சுடுதுன்னு..."

"அவங்களுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

மெக்கானிக் ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"அவங்க காலையும் கனம்னு சொல்லிட்டீங்க. அவங்க அதை நம்பி வித்துட்டாங்க. " கேரண்டியின் பக்கம் திரும்பினாள். "நீங்க அடிமாட்டு விலைக்கு வாங்கியிருப்பீங்க, இல்லையா அண்ணே? அப்புறம் கண்ணாடியில இருபத்திரண்டுன்னு எழுதி என் தலையில கட்டிட்டீங்க. அந்தச் சக்கரத்தைக் கழட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆச்சு இப்போ? ஒரு டீ குடிக்கிற நேரம். அந்த நேரத்தை ரெண்டு பொம்பளைக்குக் குடுக்க உங்களால முடியல!"

கேரண்டி தன் செலவிலேயே கேபிளையும் லைனிங்கையும் மாற்றிக் கொடுத்தார். அத்தான் கையில் களிம்பு தடவிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரம் ஏசியும் போட்டுக்கொண்டு, எடைக் கட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினாள். லிட்டருக்குப் பதினாறுக்கு மேல் வந்தது. இருபத்திரண்டு வரவேயில்லை. வராது என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஏசி போடாமல், கூட்டமில்லாத ரோட்டில், ஏற்றம் இறக்கம் இல்லாமல் ஓட்டுகிற ஏதோ ஒரு புண்ணியவானுக்கு வரலாம்.

"சரியாப் போச்சுல்ல? விடேன்" என்றான் கணவன், பக்கத்து இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"கார் சரியாப் போச்சு. நீங்க சொன்னது?"

"நான் என்ன... அத்தான் சொன்னாரேன்னு நானும் ஏதோ..."

"அத்தான் கையாவது வெந்துச்சு. உங்களுக்கு அதுகூட இல்ல."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "தப்புதான்" என்றான். அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஆனால் அவளுக்கு மனசில் அரித்துக்கொண்டிருந்தது வேறு. எங்கேயோ ஒருத்தி, தனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

கேரண்டியிடமிருந்து போன ஓனரம்மாவின் நம்பரை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு தரம் "தொலைஞ்சு போச்சு தங்கச்சி" என்றார். மூன்றாம் தரம் அவளே அவர் இடத்துக்குப் போய், கார் வாங்க வந்திருந்தவர்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உடனே கிடைத்துவிட்டது.

தெருவோரம் காரை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள். கணவன் பக்கத்தில் இருந்தான்; இருக்கட்டும் என்று விட்டாள். எடுத்தவள் கேக் செய்து விற்கிறவள். பின்னால் மாவு அடிக்கிற மெஷின் சத்தம் கேட்டது.

"கேக் வேணுமா, மேடம்?"

"இல்லைங்க. உங்க பழைய காரை வாங்கினது நான்தான்."

மெஷின் நின்றது. "ஐயோ, அதை வெச்சு ஏதும் பிரச்சினை பண்ணாதீங்க மேடம். வண்டி நல்ல வண்டிதான். எனக்குத்தான் ஓட்டத் தெரியல. பெட்ரோலைக் கொட்டித் தீர்த்தேன். இப்ப எல்லாம் டெலிவரிக்கு அவர்தான் பைக்ல கொண்டு போறார். நான் வண்டியையே தொடறதில்ல."

பிசியோ ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். துருப்பிடித்த கேபிளைச் சொன்னாள், கருகின லைனிங்கைச் சொன்னாள், கேரண்டி ஓட்டி வந்த பதினொன்றரையைச் சொன்னாள். "உங்க கால்ல ஒரு குறையும் இல்லைங்க. நீங்க சக்கரம் சுடுதுன்னு சொன்னீங்களே, அதுதான் சரி. கழட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்ல."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் ணங்கென்று மேடையில் இறங்கியது.

"ஒரு வருஷம்" என்றது அந்தக் குரல், மெதுவாக. அப்புறம் மெதுவாக இல்லை. "ஒரு வருஷமா என் வீட்டுல, என் மாமியார் வீட்டுல, கல்யாணத்துல, காது குத்துல, எங்க போனாலும் இதே பேச்சு! என் தம்பி குழந்தைகிட்டகூட என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பாரு! மேடம், நீங்க ஃபோனை வெச்சிடாதீங்க. அவர் உள்ளதான் பேப்பர் படிச்சிட்டிருக்கார். இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். முதல்ல இருந்து சொல்லுங்க."

அவசர அவசரமாக நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு படாரென்று திறந்தது. "என்ன?" என்றது ஓர் ஆண் குரல்.

பிசியோ தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே ஆரம்பித்தாள்.