தர்ப்பூசணிக்கு எந்த ஊர்?

எங்கள் தெருக் கோழிகள் முன்பின் தெரியாத பண்டத்தைத் தொடுவதில்லை. யாராவது அறிமுகம் செய்து வைத்தால்தான் தின்னும். பெயர், ஊர், நல்லதாக ஒரு வார்த்தை. இந்த மூன்றும் போதும். எதிர்வீட்டு நாச்சிமுத்து, “இது பப்பாளிங்க, நம்ம தோட்டத்துதுங்க, தங்கமான பழமுங்க” என்பார். அவருடைய கோழிகள் கழுத்தைத் தாழ்த்தி வணக்கம் சொல்லிவிட்டுக் கொத்தத் தொடங்கும். அரை நிமிடம்கூட ஆகாது.

எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என்னுடையது. நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு நூலகத்தில் நூற்பட்டியல் எழுதியவன். பாதித் தகவலோடு ஓர் அட்டையைக்கூட நான் பெட்டியில் போட்டதில்லை. அதனால் நான் தொடங்கிய அறிமுகங்கள் முடிவதற்குள் பொழுது சாய்ந்து, கோழிகள் கூண்டில் அடைந்துவிடும். எங்கள் ஐந்து கோழிகளும் இரண்டு ஆண்டுகளாகக் குருணையை மட்டுமே தின்று வந்தன. குருணையை அறிமுகம் செய்தவள் என் மனைவி துளசிமணி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூத்த கோழி செவலை என்னிடம் வந்தது. துளசிமணியை அக்கா என்று கூப்பிடுவதால் அதற்கு நான் மாமா.

“தப்பா நெனச்சுக்காதீங்க மாமா. வெள்ளிக்கிழமைக்குள்ள வாய்க்கு வேற ஏதாச்சும் கெடைக்கலீன்னா, நாங்க எதிர்வீட்டுக்குப் போயிக்கறோமுங்.”

கோழிகள் வீடு மாறுவது எங்கள் தெருவில் நடக்கிறதுதான். துளசிமணி பருப்பு கடைவதை நிறுத்தாமல், “அவங்க போனா நானும் போறேனுங்” என்றாள்.

“நீ எதுக்கு?”

“அங்க போயி அவங்களை யாரு பார்த்துக்கறது?”

எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தாறு ஆண்டுகள். அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நான் மறுத்துப் பேச ஆதாரம் தேடினேன், கிடைக்கவில்லை. அன்று மாலையே அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். எதிரே நாச்சிமுத்து தன் பழைய கூண்டை ஆறு பேருக்கு ஆகிற மாதிரி பெரிதாக்கிச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தார். மேல்தட்டு துளசிமணிக்கு என்று கேள்விப்பட்டேன்.

புதன்கிழமை விடியுமுன்பே சந்தைக்குப் போய் ஒரு தர்ப்பூசணி வாங்கி வந்தேன். கோழிகள் வரிசையாக நின்றன. துளசிமணி கத்தியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே தொடங்கினேன். பழத்தின் முன்னோர் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் வாழ்ந்ததையும், அது கடல் கடந்து வந்ததையும், ஆற்று மணலில் வேர்பிடித்ததையும் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இந்தக் குறிப்பிட்ட பழம் திண்டிவனத்திலிருந்து லாரியில் வந்ததையும், சந்தையில் வைக்கோல் மேல் கிடந்ததையும் சொன்னேன்.

செவலை தலையைச் சாய்த்தது. “வைக்கோலு எந்த ஊருதுங் மாமா?”

கேட்டு வைத்திருந்தேன். “அந்தியூர்.”

“அந்தியூருல எங்கீங்க?”

“ஏரிக்கரைக் களம்.”

ஐந்து கோழிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“எங்கம்மா எங்களை அடைகாத்தது அந்தக் களத்து வைக்கோல்லதானுங். அப்ப இவரு எங்களுக்கு அண்ணன் முறையாகுதுங்.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. துளசிமணி கத்தியைக் கீழே வைத்தாள். கோழிகள் தர்ப்பூசணியைக் கூண்டுக்குள் உருட்டிச் சென்று நல்ல மூலையில் இருத்தின.

வியாழக்கிழமை சுருக்கமாக முடிப்பது என்று உறுதி செய்துகொண்டேன். “வெள்ளரிக்காய். பவானி. உடம்புக்குக் குளிர்ச்சி” என்றேன். நான்கு நொடி. செவலை கழுத்தைத் தாழ்த்தத் தொடங்கிவிட்டது. ஆனால் வெள்ளரியும் தர்ப்பூசணியும் ஒரே தாவரக் குடும்பம் என்பதைச் சேர்க்காவிட்டால் குறிப்பு முழுமையாகாது. சேர்த்தேன்.

செவலை நிமிர்ந்தது. “அண்ணனுக்குச் சித்தப்பா பையனுங்களா?”

“கிட்டத்தட்ட.”

வெள்ளரிக்காயும் கூண்டுக்குள் போனது.

“அந்த ஒரு வரியச் சொல்லாம இருந்தா உங்க நாக்கு என்ன ஒட்டிக்கவா போவுது?” என்று கேட்டுவிட்டுத் துளசிமணி சேலைகளை மடிக்கப் போனாள். பட்டுச் சேலைகளையும் மடித்தாள். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகும்போதுகூட அவள் அத்தனையையும் எடுத்துக்கொண்டதில்லை. நான் அறை வாசலில் சிறிது நேரம் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மீண்டும் சந்தைக்குப் போனேன். கடைசி வரிசையில் ஓர் அம்மாள் ஒரு கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடையில் நான் இதுவரை பார்த்திராத பழம் இருந்தது. முட்டை அளவு, சாம்பல் நிறம், மேலே மெல்லிய ரோமம். கூடைக்குப் பக்கத்தில் குந்தினேன்.

“இது...” என்று தொடங்கினேன்.

“இதுங்களா? இதுக்குப் பேரு...”

“வேண்டாமுங்க” என்றேன். “சொல்லாதீங்க.”

“எந்த மலையில காய்க்குதுன்னாச்சும்...”

இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவள் பாவம் பார்த்து ஒரு சீப்பு அதிகமாகவே போட்டாள். அந்தப் பழம் சீப்புச் சீப்பாகக் காய்க்கிறது என்பது அப்படித் தெரிந்தது. அதற்குமேல் எதுவும் தெரிந்துகொள்ளாமல், வழியில் இருந்த வாசகசாலையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் நடந்து, வீடு வந்து சேர்ந்தேன்.

கோழிகள் கிளம்பத் தயாராக வாசற்படியில் நின்றன. துளசிமணி பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பழங்களை முற்றத்தில் வைத்தேன்.

“இது என்னன்னு எனக்குத் தெரியாது” என்றேன்.

துளசிமணியின் கை பூட்டிலேயே நின்றது.

“ஊருங் மாமா?” என்றது செவலை.

“தெரியாது.”

“நல்லதா ஒரு வார்த்தை?”

“என்னைவிடக் குறைவாப் பேசும்.”

செவலை மற்ற நான்கையும் திரும்பிப் பார்த்தது. “மாமாவுக்கே தெரியாதாமா!” என்றது. ஐந்தும் ஒரே நேரத்தில் கழுத்தைத் தாழ்த்தின. முதலில் எனக்கு, பிறகு பழத்துக்கு. பத்து நிமிடத்தில் தோல்கூட மிஞ்சவில்லை.

துளசிமணி படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இந்தச் சொல்லு உங்க வாயில வர்றதுக்கு முப்பத்தாறு வருசம்!” என்றாள். பெட்டியைத் திறந்து பட்டுச் சேலைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். எனக்குப் பிடித்த பச்சைச் சேலையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் நாச்சிமுத்து வந்தார். புதுவேட்டி கட்டியிருந்தார், விரல்களில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

“ஏனுங்ணா, ஏற்பாடெல்லாம் பண்ணிப்போட்டேனுங். மச்சான் வீட்டுக்கெல்லாம் சொல்லியுமாச்சு. கூண்டு சும்மா கெடந்தா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? யாராச்சும் வந்தாத்தானுங்க மரியாதை.”

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. துளசிமணி என்னைப் பார்த்தாள். கோழிகளும் பார்த்தன. துளசிமணி உள்ளே போய் எனக்கு இரண்டு வேட்டிகளை எடுத்து வைத்தாள். நான் ஒரு கையில் தர்ப்பூசணியையும் மறு கையில் வெள்ளரிக்காயையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

மேல்தட்டு எனக்கு வசதியாகவே இருக்கிறது. அங்கிருந்து எங்கள் வீட்டு முற்றம் தெரியும். துளசிமணி மாலையில் கையசைப்பாள். நாச்சிமுத்து மரியாதை தெரிந்தவர், மூன்று நாள் எதுவும் கேட்கவில்லை. இன்று காலைதான் குனிந்து எட்டிப் பார்த்து, முட்டை எப்போது என்று தயக்கத்தோடு கேட்டார். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன். வெள்ளரிக்காய் எதுவும் சொல்லவில்லை. தர்ப்பூசணி, தனக்கு நாளைக்குள் ஆகிவிடும் என்கிறது.