மலைமேல் ஒரு குளம்

காணாமல் போன ஆட்டைத் தேடி மலையேறியபோதுதான் சுனில்டா அந்தக் குளத்தை முதன்முதலாகப் பார்த்தாள்.

பெத்தோர்க்கா பள்ளத்தாக்கில் ஆறு ஓடிய இடத்தில் இப்போது கூழாங்கற்கள்தான். ஊருக்கு லாரித் தண்ணீர். அதையும் சில வாரங்களாகக் காணோம். மலைச்சரிவிலோ, கப்பலேறப் போகும் காய்களைச் சுமந்தபடி அவகாடோ மரங்கள் பச்சைப் பசேலென்று நின்றன. அவற்றுக்காகத் தோட்டக் கம்பெனி வெட்டிய குளம் அது. கரையெல்லாம் வழுவழுப்பான பிளாஸ்டிக் விரிப்பு. குடிக்க இறங்கிய ஆடு மேலேற முடியாமல் செத்து மிதந்தது.

மேலாளர் காஸ்பார் வந்தான். "உங்க ஆடு எங்க தண்ணிய நாசம் பண்ணிடுச்சும்மா."

"உங்க தண்ணியா? எந்த மேகத்த வெலைக்கு வாங்குனீங்க?"

"சட்டப்படி உரிமை வாங்கியிருக்கோம்."

"ஆத்துக்கு அடியில குழா பதிச்சு உறிஞ்சவுமா?"

காஸ்பார் காவலாளியைக் கூப்பிட்டு அவளை வெளியேற்றினான்.

சுனில்டா நேராகப் பக்கத்து வீட்டு நோல்ஃபாவிடம் போய்க் குளத்தைப் பற்றிச் சொன்னாள். நோல்ஃபா பாத்திரம் கழுவிய நீரில் குழந்தைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள்.

"மேல எவ்ளோ தண்ணிக்கா இருக்கு?"

"ஊரே முங்கிக் குளிக்கலாம்டி."

மறுநாள் காலை பெண்கள் அழுக்கு மூட்டைகளோடு மலையேறினார்கள். வேலிக்கம்பத்தில் கயிறு கட்டி வாளி வாளியாக இறைத்துத் துவைத்தார்கள். வேலி நெடுக ஊர்த்துணி காய்ந்தது. காஸ்பார் போலீசைக் கூப்பிட்டான்.

"இது தனியார் இடம். கெளம்புங்க" என்றார் இளம் போலீஸ்காரர்.

நோல்ஃபா ஒரு பச்சைச் சட்டையை உதறிக் காட்டினாள். "தம்பி, இது உன் யூனிஃபார்ம்தான். உன் பொண்டாட்டி குடுத்தனுப்புனா. காஞ்சதும் கெளம்புறோம்."

சிரிப்பு மலையெங்கும் எதிரொலித்தது. அவர் தொப்பியைச் சரிசெய்தபடி வேறெங்கோ பார்த்தார்.

பின்னால் வந்த அதிகாரி சிரிக்கவில்லை. சுனில்டாவை ஜீப்பில் ஏற்றினார். அத்துமீறி நுழைந்ததாக அவள்மேல் வழக்கு. ஆற்றை உறிஞ்சியவர்கள்மேல் ஒன்றுமில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தபோது தண்ணீர் லாரி தவறாமல் வந்தது. அவர்கள் போனதும் நின்றுவிட்டது. குளத்தைச் சுற்றி மின்வேலி முளைத்தது. மாதாமாதம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும்படி சுனில்டாவுக்கு உத்தரவு.

முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள் சுனில்டா. வாசலில் நோல்ஃபா காத்திருந்தாள்.

"மண்வெட்டி எடுத்துக்கிட்டு வாடி. குழா எங்க கெடக்குன்னு ஊருக்கே காட்டுவோம்" என்றாள் சுனில்டா.

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, ஆற்றின் நடுவில் தோண்டினார்கள். தொடைப் பருமனில் குழாய் தெரிந்தது. சுனில்டா அதை உடைக்கவில்லை. சாலையில் போகிறவர்கள் கண்ணில் படும்படி மண்ணை விலக்கிவிட்டுப் போனாள். கம்பெனி ஆட்கள் வந்து மூடினார்கள். பெண்கள் மறுபடி தோண்டினார்கள். இன்றுவரை அவர்கள் மூடுகிறார்கள், இவர்கள் தோண்டுகிறார்கள்.