முன்கட்டைக்குக் கொடுத்த தோள்

“டாக்டரம்மா, அவுங்க அண்ணனுக்கு வந்த அன்னிக்கே ஸ்டென்ட் வச்சாங்க. எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் இன்னா, வெறும் மாத்திரையா?”

கிறிஸ்டினா கேட்டது டாக்டர் ஃபராவிடம். கண் மட்டும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஓரகத்தி ஜூடியின் மேல் இருந்தது. போன வருடம் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஜூடியின் புருஷன் வால்டர், ஆப்பிள் பையோடு பக்கத்தில் நின்றான். அவன் தம்பி லூர்து, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன், கட்டிலில் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“அடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள்ள ரத்தக் குழாயத் திறந்தா இதயத்தோட சதையக் காப்பாத்தலாம்மா. அவர் உடனே வந்தார். இவர் மூணு நாள் கழிச்சு வந்திருக்கார்.”

“இன்னாது, மூணு நாளா? நேத்து காலீலதான நெஞ்சு எரியுதுன்னாரு?”

“ஈசிஜி, எக்கோ அப்படிச் சொல்லல. அவரையே கேளுங்க. குழாய் முழுசா மூடிடுச்சு, சேதமானது ஆயிடுச்சு. இப்ப வலி இல்ல, பிரஷர் சரியா இருக்கு. இந்த நிலைமைல திறந்தா பலன் இல்ல, புதுசா சிக்கல்தான் வரும். மறுபடி வலி வந்தா அப்ப யோசிக்கலாம்.”

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

“அண்ணன்காரருக்கு எல்லாமே சீக்கிரம். ஹார்பர் வேல சீக்கிரம், மாடி வூடு சீக்கிரம், ஸ்டென்ட்டும் சீக்கிரம். நம்புளுக்குத்தான் எல்லாம் லேட்டு.”

“இதுக்குமாடி வயித்தெரிச்சல்? வேணும்னா இவுரு நெஞ்சுலர்ந்து புடுங்கித் தரட்டா?” என்றாள் ஜூடி.

“நீ தருவியா? வர்றவ போறவளுக்கெல்லாம் அந்த ஆஞ்சியோ சீடியப் போட்டுக் காட்டுனவ. உன் கல்யாண வீடியோவக் கூட அப்டிக் காட்டல. நான் இவர வேற ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். எவனாவது தொறப்பான். தேவப்பிரியத்தாண்ட ஆட்டோ சொல்லிட்டேன்.”

“வேணாம் கிறிஸ்டி,” என்றான் லூர்து. “ஞாயித்துக்கெழமையே வந்துச்சு. சப்பரம் தெருமுனை திரும்பறப்ப.”

திருவிழாவில் மாதா சப்பரத்தைத் தாங்கும் முன்கட்டைக்குத் தோள் கொடுப்பது அவர்கள் வீட்டு உரிமை. தகப்பனுக்குப் பின் மூத்தவன் வால்டர்தான் தூக்கிவந்தான். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர்கள் தடுத்ததால் இந்த வருடம்தான் முதல்முறையாக அது லூர்துவுக்கு வந்திருந்தது.

“அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னாய்யா?”

“எப்டிச் சொல்றது? அண்ணாத்த பக்கத்துலயே என் தோளப் பாத்துகினே வர்றான். நான் வுட்டா அவன் பூந்துருவான். வாயுன்னு நெனச்சு ஓம வாட்டர் குடிச்சேன். திருவிழா முடிஞ்சு கொடி எறக்குற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். ஒரு வருசம் தூக்கத் துப்பில்லன்னு ஊரு சொல்லும்ல?”

வால்டர் ஆப்பிள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

“நீ தாடையத் தடவிகினே வந்தியே, நான் பாத்தேன்டா. போன வருசம் எனக்கும் அங்கதான் வலிச்சுது. பாத்ததும் திக்குனுச்சு.”

“அப்ப ஏன் சொல்லல, மாமா?” கிறிஸ்டினாவின் குரல் கிறீச்சிட்டது.

“இவன் இன்னா சொல்லியிருப்பான்? கட்டைக்கு அலையறான் அண்ணன்னு சொல்லியிருப்பான்.” கொஞ்சம் நிறுத்தினான். “அலைஞ்சிகினுதான் இருந்தேன்.”

கிறிஸ்டினா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“தேவப்பிரியம், வண்டி வேணாம்பா. இங்கயே இருக்கட்டும்.”

லூர்து மெதுவாகக் கேட்டான். “அண்ணாத்த, இனிமே எனக்கும் தூக்கக் கூடாதுன்னுதான் சொல்வாங்களா?”

“ஆமாடா.”

“அப்ப அடுத்த வருசம் கட்டை?”

“நம்ம வூட்ல ஆள் இல்லன்னா பங்காளி ஜெரால்டு வூட்டுக்குத்தான் போவும்.”

“ஜெரால்டா?” கிறிஸ்டினா நிமிர்ந்தாள். “அவன் ஒரு பக்கமா சாஞ்சில்ல நடப்பான்? மாதா கீழ வுழுந்துரும்.”

“அவன் பொண்டாட்டியப் பத்திச் சொல்லு,” என்றாள் ஜூடி. “இனிமே அந்தத் தெருவுல அவ நடக்குற நடையப் பாக்க முடியுமா?”

“இப்பவே அப்டித்தான் நடக்குறா.”

ஜூடி கட்டிலைச் சுற்றி வந்து கிறிஸ்டினா உட்கார்ந்திருந்த ஸ்டூலை முழங்காலால் இடித்தாள்.

“தள்ளி ஒக்காருடி. போன ஈஸ்டருக்கு அவ இன்னா பண்ணா தெரியுமா?”

கிறிஸ்டினா தள்ளி உட்கார்ந்தாள்.