நீதிபதியின் நெற்றி

சரித்திரம் படைத்த பெண்களை ரூபாய் நோட்டில் கௌரவிப்பது என்று அரசாங்கம் முடிவெடுத்து ஒரு குழுவை நியமித்தது. குழுவில் பெண்கள் யாரும் இல்லை. பாரபட்சம் வந்துவிடக் கூடாதல்லவா?

நாட்டின் முதல் பெண் நீதிபதி தேர்வானார். காலமாகிவிட்டதால் அவரும் மறுக்கவில்லை. மகளின் கையெழுத்து மட்டும் பாக்கி.

அச்சகத்தில், தகடு செதுக்கும் அறைக்கு அவளை வரவழைத்து மாதிரி அச்சை நீட்டினார்கள். நெடுநேரம் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"உங்க அம்மாதாம்மா" என்றார் குழுத் தலைவர்.

"எங்கம்மா இப்படிச் சிரிச்சதே இல்ல. நெத்தியில ரெண்டு கோடு இருக்கும். பெரிய பெரிய வக்கீலுக்கெல்லாம் அதைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கும். அது எங்க?"

"ஜனங்க தினம் பார்க்கிற முகம். கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமேன்னு எடுத்துட்டோம்."

"பழைய நோட்டுல தளபதி முறைக்கிறாரே?"

"அவர் முறைக்கலம்மா. சிந்திக்கிறார்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். தலைவரின் குரல் தாழ்ந்தது.

"சாயங்காலம் மந்திரி வரார். நீங்க கையெழுத்துப் போடலைன்னா கலங்கரை விளக்கம் படத்தைப் போட்டுடுவோம். அதுக்கு மகள் தொல்லை கிடையாது."

அம்மா இல்லாத நோட்டா, அம்மா மாதிரியே இல்லாத அம்மாவா? அவள் செதுக்குபவரிடம் திரும்பினாள்.

"சிரிப்பை எடுக்க முடியுமா தம்பி?"

"முடியாதுக்கா. எஃகுல வெட்டினது வெட்டினதுதான். சேர்க்கத்தான் முடியும்."

"அப்போ அந்த ரெண்டு கோட்டைச் சேருங்க."

"தொடாதய்யா" என்றார் தலைவர். "கை பிசகினா தகடு போச்சு. உன் வேலையும் போச்சு."

"கோடு வந்தாத்தான் கையெழுத்து" என்றாள் அவள்.

தலைவர் யோசித்தார். மந்திரியின் உரை தயாராகிவிட்டது. வரிக்கு வரி 'தாயே' வருகிற அந்த உரையைக் கலங்கரை விளக்கத்துக்குப் பொருத்த முடியாது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உயர் அதிகாரிகள் அனுமதி தருவது அப்படித்தான்.

செதுக்குபவர் பூதக்கண்ணாடியை இழுத்து வைத்து, உள்ளங்கை வியர்வையைக் கால்சட்டையில் துடைத்து, உளியை எடுத்தார். முதல் கோடு இறங்கியது. இரண்டாவதில் கை ஒரு கணம் நின்றது. பிறகு அதுவும் இறங்கியது.

மை பூசி அச்செடுத்தார்கள். உதட்டில் சிரிப்பு, மேலே நெரிந்த நெற்றி. யாரோ அளக்கும் பெரிய பொய்யைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம்.

"இதுதான் எங்கம்மா" என்று அவள் கையெழுத்துப் போட்டாள். "எங்கப்பா அரசியல் பேசும்போது இப்படித்தான் கேட்டுக்கிட்டிருப்பாங்க."

தலைவர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். அவரையறியாமல் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.