சூசையப்பருக்கு முன்னால் பட்டடை

ஒன்பது நாள் நவநாளின் எட்டாவது நாள் செபத்தைப் பேர்பெச்சுவா முடித்தபோதுதான், தேத்தண்ணி குடிக்க வந்திருந்த சஞ்சயன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். ஜெர்மனியின் வுப்பர்டால் நகர ஓவியக் கூடத்தில் காவல் வேலை அவனுக்கு. நாள் முழுக்கப் படங்களோடுதான் சீவியம்.

"அக்கா, இது ஆர்?"

"சூசையப்பர். தெரியேல்லையே? பக்கத்தில மாதா, மேல செட்டையோட சம்மனசு."

போன மாதம், தொண்ணூற்று நாலாம் ஆண்டு தை பிறந்த கையோடு, பழைய சாமான் சந்தையில் அவள் வாங்கித் தொங்கு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த எண்ணெய் வர்ண ஓவியம். தாடிக்காரர் சுத்தியலோடு நிற்கிறார். மாதாவின் தோளில் துணி இல்லாததால், சட்டத்தில் ஒரு லேஸ் துணியைச் செருகி மூடியிருந்தாள். கணவன் சில்வெஸ்டருக்குக் கருவித் தொழிற்சாலையில் வேலை கிடைக்க வேண்டும் என்பதே வேண்டுதல். நேர்முகம் முடிந்து மூன்று கிழமையாகியும் கடிதம் இல்லை.

"இந்தப் படங்களில பேர் எழுதுறேல்லை அக்கா. கையில இருக்கிற சாமானை வைச்சுத்தான் ஆளைப் பிடிக்கோணும். எங்கட மாதா கோயிலிலையும் அப்பிடித்தானே? பூட்டுத் திறப்பு இருந்தால்?"

"இராயப்பர்."

"அம்பு குத்தியிருந்தால்?"

"செபஸ்தியார்."

"சூசையப்பர் தச்சன். சீவுளி எங்க? இவருக்கு முன்னால இருக்கிறது இரும்படிக்கிற பட்டடை. நிலத்தில கவசம். சம்மனசின்ர கையில வில்லு."

கிட்டப் போய்ப் பார்த்தாள். வில்லேதான். யாழ் என்று நினைத்திருந்தாள்.

"இவர் வல்கன். பழைய ரோமாக்காரரின்ர கொல்லன் சாமி. அது அவற்ர மனிசி வீனஸ், மேல இருக்கிறது காதல் அம்பு விடுற குட்டிச் சாமி. வீனஸின்ர மற்ற மகன் சண்டைக்குப் போறான், கவசம் அடிச்சுத் தாங்கோ எண்டு கேக்கிறா."

சோபாவில் இருந்த சில்வெஸ்டர் சிரித்தான். "அங்கையும் மனிசி நச்சரிச்சால்தான் வேலை நடக்குது போல."

"உங்களுக்குப் பகிடி! எட்டு நாள் ஆருக்கு முன்னால முழந்தாளில நிண்டனான்? இனி வேலை கிடைச்ச மாதிரித்தான்."

படத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அடுத்த நாள் ஒன்பதாவது செபத்தை வெறும் ஆணியைப் பார்த்துச் சொன்னாள்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. சில்வெஸ்டர் இரண்டு தரம் வாசித்தான்.

"எடுத்திட்டாங்கள்! உலைப் பகுதியில. இரும்பைக் காய்ச்சி அடிக்கிற இடம்."

இருவரும் திருப்பி வைத்த படத்தைப் பார்த்தார்கள்.

"பேர்பெச்சுவா, உம்மட செபம் கேட்டது ஆருக்கு?"

"சூசையப்பருக்குத்தான்," என்றாள் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அவருக்கு இரும்பு வேலை தெரியாதுதானே. தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு எடுத்துத் தந்திருப்பார்."

அன்றே படம் குசினியில், அடுப்புக்கு மேலே ஏறியது. லேஸ் துணியை மட்டும் அவள் எடுக்கவில்லை.